வீட்டுக்குள் ஒரு சின்ன டிராம்போலின்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் எழும் கேள்விகள்

எங்கள் மகள் நான்கு வயதிலிருந்து கட்டில்மேல் குதித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கட்டிலின் நடுப்பலகை 'படக்' என்று உடைந்தது. அவளுக்கு ஏழு வயது ஆனபோது 55 அங்குல அகல டிராம்போலின் ஒன்று வாங்கினோம்: வட்டச் சட்டத்தில் ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டிய, குதிப்பதற்கான பாய், அதைச் சுற்றிலும் விழாமல் தடுக்க ஒரு வலை. அதற்குப் பிறகு, ஃபிளாட்டில் இருப்பவர்கள், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், மகளின் வகுப்புத் தோழிகளின் அம்மாக்கள் என்று எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில், இரண்டாவது மாடியில். கீழே உள்ள பதில்கள் அப்படி ஒரு வீட்டிலிருந்து வருபவை. தோட்டத்தோடு தனி வீடு இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும்.

எந்த வயதில் வாங்கலாம்?

ஆறு முடியட்டும். ஒரு வயதுக் குழந்தை சோபாவில் குதிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தலை கனம், கழுத்துத் தசை வலுவில்லை, எலும்பு இளசு. பாயிலிருந்து மேலே எகிறி, திரும்பி இறங்கும்போது உடம்பை நேராக வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அந்த வயதில் வராது. மூன்று வயதுக்கென்று கைப்பிடி வைத்து விற்கிறார்களே என்றால், விற்கிறார்கள்தான். பெட்டியில் வயது போட்டிருப்பது விற்பவர். முடிவு நம்முடையது.

டாக்டர்கள் டிராம்போலினே வேண்டாம் என்கிறார்களாமே?

ஆமாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1999-லேயே வீட்டில் டிராம்போலின் வேண்டாம் என்று சொன்னது. 2012-ல் மறுபடியும் விரிவாக அறிக்கை வெளியிட்டது. அதில் இரண்டு விஷயங்கள் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தன. ஒன்று, காயங்களில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதித்தபோது ஏற்பட்டவை. இரண்டாவது, காயங்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே நடந்திருக்கின்றன. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நாம் சொல்வதற்கு என்ன மதிப்பு என்று இதிலிருந்து தெரிகிறது.

அந்தக் கணக்கு பெரும்பாலும் தோட்டத்தில் போடும் பெரிய டிராம்போலின்களைப் பற்றியது. வீட்டுக்குள் போடும் சின்னதில் உயரமும் வேகமும் குறைவு. ஆனாலும் ஆபத்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் வாங்கினோம். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் வாங்காமல் இருப்பதில் தப்பே இல்லை. ஒரு ஸ்கிப்பிங் கயிறு போதும்.

ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கயிற்றுக் கட்டிலில் சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது மாமா ஒருவர் வந்து தொப்பென்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? பிள்ளை ஒரு துள்ளு துள்ளும். டிராம்போலினில் நடப்பதும் அதேதான், பல மடங்கு வேகத்தில். பெரியவன் இறங்கும்போது பாய் அவன் எடைக்குத் தகுந்த மாதிரி கீழே போகிறது. அது திரும்பி மேலே வருகிற நேரத்தில் சின்னவள் அதன்மேல் கால் வைத்தால், அவன் எடை அமுக்கிய வேகமெல்லாம் அவள் உடம்பில் ஏறுகிறது. அவள் குதித்த உயரம் ஒன்று, எகிறும் உயரம் வேறு. அல்லது அவள் இறங்குகிற நொடியில் பாய் மேலே வந்து அவள் காலில் மோதும். மெத்தென்று இருக்க வேண்டிய பாய் அப்போது தரை மாதிரி ஆகிவிடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பில் விரிசல் விழுவது இப்படித்தான். சின்னப் பிள்ளைகளிடம் இது அடிக்கடி வருவதால் மருத்துவர்கள் இதற்கு 'டிராம்போலின் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இருவர் குதிக்கும்போது அடிபடுவது பெரும்பாலும் எடை குறைந்த பிள்ளைக்குத்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கு என் அக்கா பையன் வந்திருந்தான், பதினோரு வயது. நான் கரும்பு நறுக்க அடுக்களைக்குப் போய் வந்த இரண்டு நிமிஷத்தில் இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். அவன் குதித்தான், இவள் வலையில் போய் மோதினாள், கீழுதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். தையல் போடவில்லை, அவ்வளவுதான் புண்ணியம். அன்றிலிருந்து விருந்தாளிகள் வந்தால் வலையின் ஜிப்பை மூடி, ஜிப் முனையில் இருக்கும் ஓட்டையில் சின்னப் பூட்டு. வீட்டில் நாலு பிள்ளைகள் கூடும் மே மாத விடுமுறையில்தான் இந்தச் சாமான் அதிக ஆபத்தானது.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் சண்டை வராதா?

வரும். ஆளுக்கு ஐம்பது குதி என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் பிள்ளைதான் சத்தமாக எண்ண வேண்டும். எண்ணுவதில் ஒரு அதிகாரம் இருக்கிறது இல்லையா, அதனால் பொறுமையாக நிற்பார்கள். காத்திருப்பவர் மூன்றடி தள்ளி உட்காரட்டும். பாய்க்கு அடியில் நுழைந்து படுத்து வேடிக்கை பார்ப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்த விளையாட்டு. அதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

வீட்டில் எங்கே போடுவது?

கடைக்குப் போகும் முன் அளவு நாடாவைக் கையில் எடுங்கள். நாம் எல்லாரும் தரையை அளக்கிறோம், மேலே பார்ப்பதில்லை. நம் ஊர் வீட்டில் மேலே ஃபேன் சுற்றுகிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. கூரை ஒன்பதரை அடி. ஃபேன் இறக்கை தரையிலிருந்து எட்டடி. மகள் அப்போது 3 அடி 10 அங்குலம். கையைத் தூக்கினால் விரல்நுனி 4 அடி 9 அங்குலம். டிராம்போலின் பாய் தரையிலிருந்து ஒரு அடி. அப்படியே நின்றாலே 5 அடி 9 அங்குலம் ஆகிவிட்டது. ஒன்றரை அடி எகிறினால் 7 அடி 3 அங்குலம். இறக்கைக்கும் விரலுக்கும் நடுவே முக்கால் அடிதான் மிச்சம். பிள்ளை வருஷத்துக்கு இரண்டு அங்குலம் வளர்கிறது, கையில் ஒரு துண்டையோ பொம்மையையோ வைத்துக்கொண்டும் குதிக்கும். ஃபேனை அணைத்துவிட்டால் போதுமா என்றால், நின்றிருக்கும் இறக்கையில் இடித்தாலும் தலை தலைதான். அது போக, சித்திரை வெயிலில் யார் ஃபேனை அணைத்துக்கொண்டு குதிப்பார்கள்?

ஆகவே ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். 48 அங்குல ஃபேன் என்றால் நடுவிலிருந்து இறக்கை 2 அடி நீளும். 55 அங்குல டிராம்போலினின் பாதி 2 அடி 4 அங்குலம். நடுவில் ஒன்றரை அடி இடைவெளியாவது விட்டால், ஃபேனின் நடுப்புள்ளிக்கும் டிராம்போலினின் நடுப்புள்ளிக்கும் ஏறக்குறைய 6 அடி வேண்டும். 10-க்கு 12 அடி அறையில், நடுவில் ஃபேன் இருந்தால், இது நடக்காத காரியம். அந்த அறைக்கு 55 அங்குலம் வாங்காதீர்கள். நாங்கள் கூடத்தில் சாப்பாட்டு மேசை இருந்த பக்கத்து ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டினோம். மேசை அடுக்களை ஓரமாக ஒதுங்கியது. எலக்ட்ரீஷியன் வந்தவர், "டிராம்போலினுக்காகவா சார் ஃபேனைக் கழற்றுறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பக்கவாட்டில், வெட்டவெளியில் போடும் டிராம்போலினுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர் காலியாக விடச் சொல்வார்கள். கூடத்தில் அவ்வளவு கிடைக்காது. வலை இருந்தால் மூன்றடியாவது விட வேண்டும் என்பது என் கணிப்பு. அதற்குள் டீப்பாய் முனை, டிவி ஸ்டாண்ட், கண்ணாடி அலமாரி, குத்துவிளக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஜன்னல் பக்கமும் வேண்டாம்.

மொட்டை மாடியில் போடலாமா? இடம் நிறைய இருக்கிறதே.

எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. வேண்டாம். கைப்பிடிச் சுவர் வழக்கமாக மூன்று, மூன்றரை அடி. ஒரு அடி உயரப் பாயில் நிற்கும் பிள்ளைக்கு அது இரண்டு, இரண்டரை அடிச் சுவர். எகிறும்போது சுவரே இல்லாத மாதிரி. நடுவில் போட்டுக்கொள்கிறேன் என்பார்கள். குதிக்கக் குதிக்க டிராம்போலின் நகரும், அதை யாரும் கவனிப்பதில்லை. துணி காயப்போடும் கொடி வேறு, சரியாகக் கழுத்து மட்டத்தில்.

வெயிலும் ஒரு காரணம். பாய் பாலிப்ரொப்பிலீன் இழையில் நெய்தது. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் இழை மொறுமொறுவென்று ஆகி ஒருநாள் கிழியும். ஸ்பிரிங்குகளை மூடும் ஓரத் திண்டின் மேலுறை அதைவிடச் சீக்கிரம் வெடித்துவிடும். அப்புறம் காற்று. வலையோடு நிற்கும் டிராம்போலின் பாய்மரம் மாதிரி. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் மரங்களை வேரோடு சாய்த்தது நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் எதையும் கட்டாமல் விடுகிற ஊர் இல்லை இது.

தனி வீட்டில் மண் தரையோடு முற்றமோ தோட்டமோ இருந்தால் அங்கே தாராளமாகப் போடலாம். மாமரக் கிளை தாழ்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பால்கனியில்?

கூடவே கூடாது.

எந்த அளவு வாங்குவது?

வீட்டுக்குள் போட இங்கே கிடைப்பவை பெரும்பாலும் 36, 40, 48, 55, 60 அங்குலம். 36, 40 இரண்டும் உண்மையில் பெரியவர்கள் உடற்பயிற்சிக்காக உண்டானவை. தாழ்வாக இருக்கும், வலை இருக்காது, நின்ற இடத்திலேயே துள்ளலாம். பிள்ளை அதில் ஓரமாகக் கால் வைத்துவிடும். 55 அங்குலம், அதாவது 140 சென்டிமீட்டர், வலையோடு வருவது. ஏழு, எட்டு வயதுக்கு நன்றாகத் தாங்குகிறது. இடம் இல்லாவிட்டால் 48. ஆறடிக்கு மேல் போவது வீட்டுக்குள் வேண்டாத வேலை. பாய் பெரிதாகப் பெரிதாக எகிறும் உயரமும் கூடும், நம் கூரை உயராது.

ஸ்பிரிங் நல்லதா, எலாஸ்டிக் கயிறு நல்லதா?

நாங்கள் வாங்கியது ஸ்பிரிங். இன்றைக்கு வாங்கினால் எலாஸ்டிக் வாங்குவேன். ஸ்பிரிங் கிரீச் கிரீச் என்று கத்தும், விரல் மாட்டும், கடற்காற்றில் துருப்பிடிக்கும். எலாஸ்டிக்கில் சத்தம் இல்லை, துள்ளலும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஆனால் நாளாக ஆகத் தளரும். தளர்ந்தால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல் மொத்த செட்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாய் ஒரு பக்கம் இழுக்கும். மாற்று செட் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

பெட்டியில் '100 கிலோ தாங்கும்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சும்மா நிற்கும் எடை வேறு, குதித்து இறங்கும்போது விழும் பாரம் வேறு. விழும் பாரம், நிற்கும் எடையைப் போலப் பல மடங்கு. பெட்டியில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. 25 கிலோ பிள்ளைக்கு 50 கிலோ தாங்கும் என்று போட்டது போதும் என்று நினைத்தாலும், அதற்கு மேலேயே வாங்குங்கள். ஏனென்றால் தீபாவளி அன்று சித்தப்பா ஏறிப் பார்ப்பார்.

எண்ணைவிடச் சட்டத்தைப் பாருங்கள். குழாயைத் தட்டிப் பார்த்தால் தகரம் மாதிரிச் சத்தம் வரக் கூடாது. காலும் வளையமும் சேரும் இடத்தில் வெல்டிங் முழுச் சுற்றும் ஓடியிருக்க வேண்டும், நான்கு புள்ளி வைத்து விட்டிருக்கக் கூடாது. பாயின் ஓரத்தில் உலோக வளையங்களைப் பிடித்திருக்கும் பட்டைகளில் தையல் எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ஒரே வரிசை என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 'ஃபிட்னஸ்' என்று போட்டு வரும் பெட்டிகளில் அதைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். வீட்டு டிராம்போலின்களுக்கென்று ஐரோப்பாவில் ஈஎன் 71-14 என்ற தரநிலையும், அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்381 என்ற தரநிலையும் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று பெட்டியில் இருந்தால் ஒன்றுமே இல்லாததற்கு மேல்.

வலையா, கைப்பிடியா?

வலை. அதிலும் வலை ஸ்பிரிங்குக்கு உள்பக்கமாக வரும் வகை. வெளிப்பக்கமாக வந்தால் பிள்ளை வலையில் சாயும்போது கால் ஸ்பிரிங் இடுக்கில் போகும். ஆனால் வலையைப் பிள்ளைகள் ஏணியாகவும் ஊஞ்சலாகவும் நினைப்பார்கள். வலை விழாமல் தடுக்கும், தொங்கினால் கிழியும். கைப்பிடியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பிடித்துக்கொண்டு குதிக்கும் பிள்ளை முன்னால் சாய்ந்து குதிக்கும். முகவாயும் முன்பல்லும் சரியாக அந்தக் கம்பி உயரத்தில் இருக்கும். கைப்பிடி இருந்தே ஆக வேண்டும் என்றால் கனமான ஸ்பாஞ்சு சுற்றியதாகப் பாருங்கள்.

மாட்டுவது கஷ்டமா? ஆள் கூப்பிட வேண்டுமா?

இரண்டு பெரியவர்கள், ஒரு மாலைப்பொழுது. கையுறை இருந்தால் நல்லது, தோட்ட வேலைக்கு வாங்குவது போதும். பிள்ளைகளை வேறு அறையில் விடுங்கள், ஸ்பிரிங் கை நழுவித் தெறித்தால் கண்ணில் படும்.

சட்டத் துண்டுகளைச் சேர்த்து வட்டமாக்கி, கால்களைப் பொருத்துவது சுலபம். போல்ட்டுகளை முதலில் பாதிதான் முறுக்குங்கள். வட்டம் முழுதாக உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் இறுக்கலாம். சோதனை பாயில் ஆரம்பிக்கும்.

நான் முதல்முறை செய்த முட்டாள்தனம்: ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டே போனேன். இருபத்திரண்டு வரை வந்தது. அதற்குள் பாய் முழுவதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்து வளையம் சட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் காலை உதைத்து இழுத்தும் வரவில்லை. இரவு பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் கழற்றினோம். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 'டங்' என்று வந்தது. கீழ் வீட்டில் விளக்கு எரிந்தது.

சரியான முறை எதிரெதிராக மாட்டுவது. எங்களுடையதில் 36 ஸ்பிரிங். முதலில் சட்டத்தின் ஓட்டைகளுக்கும் பாயின் வளையங்களுக்கும் சாக்பீஸால் 1 முதல் 36 வரை எண் போட்டுவிடுங்கள். முதலாவதை மாட்டியதும் நேர் எதிரே 19. பிறகு 10, அதற்கு எதிரே 28. இப்போது பாய் நான்கு பக்கமும் தொட்டில் மாதிரித் தொங்கும். அடுத்து நடுநடுவே, எப்போதும் ஒன்றை மாட்டினால் அதன் எதிர் ஜோடியையும் உடனே. முதல் எட்டு கையாலேயே வரும். கடைசிப் பன்னிரண்டுக்குப் பெட்டியில் வரும் 'டி' வடிவக் கொக்கி தேவை. அதைத் தொலைத்துவிட்டால், ஸ்பிரிங்கின் கொக்கியில் தடித்த நைலான் கயிற்றைக் கோத்துச் சுருக்குப் போட்டு இழுக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், வழுக்கினால் உள்ளங்கை போகும். கொக்கியின் முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் திண்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எண் போட்டிருந்தால் ஒரு வளையம் தவறிப் போகாது. போனால் கடைசியில்தான் தெரியும், தெரிந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

மாட்டி முடித்ததும் பெரியவர் ஒருவர் நடுவில் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கால்கள் எல்லாம் தரையைத் தொடுகின்றனவா? பாய்க்கடியில் தரையிலிருந்து எவ்வளவு மிச்சம்? பிறகு ஸ்பிரிங்குகளை மூடும் திண்டைக் கட்டி, முடிச்சுகளைக் கீழ்ப்புறம் மறைத்துவிடுங்கள்.

மடிக்கிற வகை வாங்கலாமா? தினமும் எடுத்து வைக்க வசதியாக இருக்குமே.

தினமும் மடிப்பேன் என்று சொல்லி வாங்கியவர்கள் வீட்டில் அது விரிந்தேதான் கிடக்கிறது. மடக்கும்போது பாய் முறுக்கேறிய வில் மாதிரி இருக்கும், பாதியில் கை விட்டால் சட்டம் திருப்பி அடிக்கும். ஒரு ஆள் தனியாக மடிக்கவே கூடாது. கீல் இருக்கும் இடத்தில் மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டையும் பார்க்க வேண்டும். இடமே இல்லை என்றால் சரி, மற்றபடி நிலையாக நிற்பதை வாங்குங்கள்.

கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களா? தளம் தாங்குமா?

தளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் நாட்டில் வீட்டுத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ கூடுதல் பாரம் ஏற்கும்படிதான் ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின்படி வடிவமைக்கிறார்கள். பொங்கலுக்கு வீடு நிறைய ஆள் நிற்பதைத் தாங்கும் தளம் ஒரு பிள்ளை குதிப்பதையும் தாங்கும்.

சத்தம் வேறு விஷயம். குதிக்கும் ஒலி காற்றில் போவதைவிடக் கால்கள் வழியாகத் தளத்தில் இறங்குவதுதான் அதிகம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் தடித்த ரப்பர் துண்டு, அதற்கடியில் முழு அகலத்துக்கு ரப்பர் மேட். ஜமுக்காளம் விரிக்காதீர்கள். டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் வழுக்கிக்கொண்டு டிராம்போலினோடு ஊர்கோலம் போகும். எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது, மாட்டிய மறுநாள் காலையில் கீழ் வீட்டு மாமியிடம் நேரில் போய்ச் சொன்னது. மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை அவர் தூங்கும் நேரம், இரவு எட்டுக்கு மேல் சீரியல். அந்த இரண்டு நேரமும் ஜிப் மூடியிருக்கும்.

என்ன உடுத்திக் குதிக்கலாம்?

அரைக்கால் சட்டை, டீ ஷர்ட், வெறுங்கால். சாக்ஸ் வழுக்கும். கொலுசைக் கழற்றாமல் ஏற்றாதீர்கள். கொலுசின் கொக்கி வலைக் கண்ணில் மாட்டி, பிள்ளை மேலே போக, கால் மட்டும் கீழே நிற்கும். கழுத்துச் சங்கிலி, நீளப் பாவாடை, துப்பட்டா, கயிறு தொங்கும் ஹூடி எல்லாம் அப்படித்தான். வாயில் எதுவும் இருக்கக் கூடாது. முறுக்கு, கடலைமிட்டாய், சூயிங்கம் எதுவானாலும் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும்.

முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது?

நிற்பதை. குதிக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். "ஸ்டாப்" என்றதும் முழங்காலை மடக்கி, கைகளை முன்னால் நீட்டி, பாயோடு ஒட்டி நிற்கத் தெரிய வேண்டும். அதை விளையாட்டாக ஒரு வாரம் செய்யுங்கள். அடுத்து, பாயின் நடுவில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு அதற்குள்ளேயே இறங்கச் சொல்லுங்கள். குட்டிக்கரணம் எந்த வயதிலும் வீட்டில் கிடையாது. தலைகீழாக விழுந்தால் உடம்பின் எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். இதில் மட்டும் ஒரு தடவை பார்ப்போம் என்பதே இல்லை. இறங்கும்போது தரையில் குதிக்காமல், ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு இறங்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிஷம் போதும். களைத்த பிள்ளைதான் தப்பாகக் கால் வைக்கும்.

விழுந்துவிட்டால்?

கழுத்திலோ முதுகிலோ அடி என்றால், கை கால் மரத்துப்போனதாகச் சொன்னால், தூக்கி நிறுத்தாதீர்கள். விழுந்த நிலையிலேயே அசையாமல் இருக்க வைத்து 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டு நினைவு தவறினாலோ, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ உடனே மருத்துவமனை. பிள்ளை வெளியே வீக்கம் எதுவும் இல்லாமல் ஒரு காலை மட்டும் ஊன்ற மறுத்தால், "சுளுக்கு" என்று தைலம் தேய்த்து நீவி விடாதீர்கள். மேலே சொன்ன முழங்கால் கீழ் விரிசல் அப்படித்தான் ஒளிந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்த பிறகு பாட்டியின் தைலத்துக்கு வரலாம்.

பராமரிப்பு?

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிஷம். போல்ட்டை இறுக்குவது, ஏதாவது ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே மற்றவற்றைவிட அதிக இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, பாயை வெளிச்சத்தில் கீழிருந்து பார்ப்பது. ஒரு இடத்தில் மட்டும் மற்ற இடத்தைவிட அதிக வெளிச்சம் தெரிந்தால் அங்கே இழை போக ஆரம்பித்துவிட்டது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்தாலே இரும்பு வேர்க்கும். எங்கள் ஸ்பிரிங்குகளில் எட்டாவது மாதமே காவி நிறம் வந்தது. துணியில் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், அதில் தூசி ஒட்டிப் பிசுபிசுத்ததுதான் மிச்சம். சிலிக்கான் ஸ்பிரே சரியாக இருக்கிறது.

பழையதாக வாங்கலாமா?

சட்டம் மட்டும் பழையதாக இருக்கலாம். பாய், ஸ்பிரிங், வலை மூன்றும் வெயிலில் கிடந்திருந்தால் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவைக் கூட்டினால் புதிது வாங்கிவிடலாம். விற்பவர் வீட்டுக்குப் போகும்போது அது எங்கே நின்றது என்று பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நல்லது என்கிறார்களே?

ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள்) தங்கள் கூடங்களில் சின்ன டிராம்போலின் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம், எந்த மாதிரித் துள்ளல், எதற்கு முன்னால் எதற்குப் பின்னால் என்பதை அந்தப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்வார்கள். அவரிடம் கேட்டு, அவர் சொன்ன வகையை வாங்குங்கள். என்னுடைய 55 அங்குலக் கணக்கெல்லாம் அங்கே பொருந்தாது.

இதை யார் கண்டுபிடித்தது?

என் மகள் கேட்ட கேள்வி இது. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து ஜார்ஜ் நிஸன், தன் பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து 1930-களில் உருவாக்கினார். தாவும் பலகைக்கு ஸ்பானிய மொழியில் 'டிராம்போலின்' என்று பெயர், அதிலிருந்து வந்தது இந்தச் சொல். 2000-ல் சிட்னியில் ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. விளம்பரத்துக்காக நிஸன் ஒரு கங்காருவோடு சேர்ந்து குதித்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைக் காட்டியதும் மகள் கேட்டாள்: "ரெண்டு பேர் குதிக்கக் கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லலையா அப்பா?"

பிள்ளை வளர்ந்த பிறகு என்ன செய்வது?

மகளுக்கு இப்போது ஒன்பதரை வயது. கையைத் தூக்கிக் குதித்தால் கூரை எட்டிவிடும் போலிருக்கிறது, ஆகவே இந்தக் கோடையில் வலையைக் கழற்றிவிட்டோம். பாயும் சட்டமும் மாடியில் இருக்கின்றன. வெயிலில் வைக்கக் கூடாது என்று நான்தான் மேலே எழுதினேன், ஆனால் இனி யாரும் அதில் ஏறப் போவதில்லை. அம்மா அதன்மேல் பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் பிழிகிறார். கீழேயும் காற்று போவதால் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறதாம்.